கடைசியாக ஒலித்த பாட்டு

சங்கீதக் கச்சேரிக்குச் செல்வோரில் இரு சாரார் உளர். மங்களம் பாடி முடியும்வரை ஆசனத்தை விட்டு அசையாதிருப்பவர் ஒரு சாரார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே செருப்பைத் தேடத் தொடங்குபவர் மற்றொரு சாரார். எமது கண்டி மாநகரில் இந்த இரண்டாம் சாராரே தொகையிற் பெரியவர். அவர்களை முற்றாகக் குறைகூற நாம் துணியோம். கட்டுகஸ்தோட்டைக்கும் கம்பளைக்கும் செல்லும் கடைசி பஸ் எந்தப் பாகவதருக்காகவும் காத்து நிற்பதில்லை. ஆயினும், இவ்வாறு இடையில் எழுந்து போகும் அன்பர்கள் எதனை இழக்கின்றனர் என்பதைச் சற்றே சிந்தித்தல் நன்று.

முடிவு என்பதற்கு எம் முன்னோர் தனி மரியாதை அளித்திருந்தனர். கச்சேரிக்கு ஒரு மங்களம் உண்டு. கூத்துக்கும் ஒரு மங்களம் உண்டு. ஈழத்து ஆலயங்களில் திருவூஞ்சல் பாடும்போது எச்சரிக்கை, பராக்கு என்று முறையாகப் பாடி, மங்களத்திலேதான் நிறைவு செய்வர். இரவுப் பூசை முடிந்து சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளையில் ஒரு தாலாட்டு இசைக்கப்படும். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போவது எமது மரபன்று.

ஒரு கச்சேரிக்கு இத்தகைய முடிவு வேண்டுமாயின், ஒரு கலைஞரின் வாழ்நாளாகிய நெடுங்கச்சேரிக்கு முடிவாய் அமைந்த பாட்டு எது? மேல்நாட்டு இசைப்பிரியர்கள் இக்கேள்வியை மிக்க ஆர்வத்துடன் கேட்கின்றனர். இன்ன பாடகரின் இறுதி இசைத்தட்டில் இறுதியாக இடம்பெற்ற பாட்டு யாது, அது அவரது முழு வாழ்வுக்கும் முத்திரையாய் அமைந்ததா என்று ஆராய்ந்து மகிழ்கின்றனர். எமது இசையுலகிலும் இந்த ஆராய்ச்சிக்கு இடம் நிறைய உண்டு. இசைத்தட்டு என்னும் பொருள் உலகில் தோன்றுமுன்னரே எமக்கு அது தொடங்கிவிட்டது.

முதலில் நினைவுக்கு வருபவர் முத்துசுவாமி தீக்ஷிதர். 1835ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளித் திருநாள். இடம் எட்டயபுரம். அவருடைய இளவல் பாலுசுவாமி தீக்ஷிதர் அந்தச் சமஸ்தானத்தின் வித்துவானாக விளங்கினார். அன்றைய பூசையை வழக்கம்போல் முடித்த தீக்ஷிதர், மதுரை மீனாட்சியைப் பற்றித் தாம் இயற்றிய 'மீனாக்ஷி மே முதம்' என்னும் கீர்த்தனையைப் பாடும்படி சீடர்களைப் பணித்தார். தீக்ஷிதர் பரம்பரையினர் கமகக்கிரியா என்றும், மற்றையோர் பூர்விகல்யாணி என்றும் வழங்கும் இராகத்தில் அமைந்தது அது. பாசத்தை அறுக்கவல்ல தாய் என்று அம்பிகையை விளிக்கும் இடத்தைச் சீடர்கள் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தபொழுது, இரு கரங்களையும் உயர்த்தி அம்பிகையின் பெயரைச் சொன்னவாறே அவர் ஆவி பிரிந்தது என்பது வழிவழி வந்த செய்தி.

இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு உள. அந்தக் கீர்த்தனை அன்று இயற்றப்பட்டதன்று. முன்னரே இயற்றிப் பலகாலும் பாடப்பட்டது. அன்று அதனைப் பாடியவரும் தீக்ஷிதர் அல்லர். அவருடைய சீடர்களே பாடினர். எனவே அது அவர் கடைசியாக இயற்றிய பாட்டும் அன்று, கடைசியாகப் பாடிய பாட்டும் அன்று; கடைசியாகக் கேட்க விரும்பிய பாட்டு. எத்தனையோ தலங்களைச் சுற்றி, எத்தனையோ தெய்வங்களைப் பாடிய ஒரு மேதை, தாம் படைத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பிறர் வாயிலாகக் கேட்டுக்கொண்டே விடைபெற்றார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இதனினும் பெரிய பேறு ஒன்று தோன்றவில்லை.

தீக்ஷிதரின் உருப்படிகள் இன்று எம் செவிக்கு எட்டுவதற்கு அந்த எட்டயபுரமே காரணமாயிற்று என்பதையும் ஈண்டு சொல்லிவிட வேண்டும். பாலுசுவாமியின் பேரரும் அவருக்கே சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீக்ஷிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் மாபெரும் நூலை 1904ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே அச்சிடுவித்தார். முத்துசுவாமி தீக்ஷிதரின் இருநூறுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் சுரக் குறிப்புகளோடு அதில் ஏறின. 1906இல் சுப்பராம தீக்ஷிதர் மறைந்தார். இன்னும் இரண்டாண்டு தாமதித்திருந்தால் எத்தனை கீர்த்தனைகள் அவரோடு போயிருக்கும்!

திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் முடிவும் இத்தகையதே. 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி அவர் சித்தியடைந்தார். அதற்குச் சில நாள் முன்னர் சந்நியாசம் ஏற்றார். பத்து நாளில் தம்மை ஆட்கொள்வதாக இராமபிரான் அருளியதைச் சகானா இராகத்தில் ஒரு கீர்த்தனையாகவே அவர் பாடிவைத்தார் என்பர். சரித்திர ஆசிரியர்கள் இதற்கெல்லாம் சான்று கேட்பர். கேட்பது அவர்கள் கடமை. ஆனால் இத்தகைய செய்திகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இரசிகர்களின் மனத்தையும் ஒரு சான்றாகவே நாம் கொள்ள வேண்டும். பாடியவனுக்குப் பாட்டே துணையாய் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

சான்று கேட்போரும் மறுக்கவியலாத நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்திலேயே நடந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி கேரளத்து ஒற்றைப்பாலத்தில் ஒரு கிருஷ்ணன் கோயிலிற் கச்சேரி செய்தார். இளமையில் அவர் முதன்முதலாகக் கச்சேரி செய்ததும் அதே கோயிலில்தான் என்பர். இரயிம்மன் தம்பி இயற்றியதும், தமக்கு மிகவும் உவப்பானதுமான மலையாளக் கீர்த்தனை ஒன்றைப் பாடி நிறைவு செய்தார். அருள் செய்யத் தாமதம் ஏன் என்று கண்ணனைக் கேட்கும் கீர்த்தனை அது. கச்சேரி முடிந்த சிறிது நேரத்தில் மாரடைப்பால் அவர் உயிர் நீங்கிற்று. அப்போது வயது 78. கண்ணன் தாமதிக்கவில்லை என்று அவருடைய அன்பர்கள் சொல்லிக்கொண்டனர்.

அந்தச் செம்பையின் சீடர் கே. ஜே. யேசுதாஸ். குருவின் இறுதிப் பாட்டு இறைவனை நோக்கி எழுந்ததாயின், தமிழ்க் கவிஞர் ஒருவரின் இறுதித் திரைப்பாட்டுக்குக் குரல் கொடுக்கும் பேறு இந்தச் சீடருக்கு வாய்த்தது. கவிஞர் கண்ணதாசன் 1981ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே காலமானார். வயது 54தான். 1982 பெப்ரவரியில் வெளிவந்த 'மூன்றாம் பிறை' படத்துக்காக அவர் எழுதிய 'கண்ணே கலைமானே'யே அவரது கடைசித் திரைப்பாட்டு என்பது யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. இசை இளையராஜா. படத்தை இயக்கியவர் எமது மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து தமிழகம் சென்று புகழெய்திய பாலு மகேந்திரா.

இந்தப் பாட்டின் சிறப்பை எண்ணிப் பாருங்கள். நிலையாமையைப் பற்றிக் கண்ணதாசன் பாடியது கொஞ்சமன்று. 1962இல் 'பாத காணிக்கை' படத்துக்காக அவர் எழுதிய மரணப் பாட்டு, இன்றும் மலைநாட்டுச் சாவீடுகளில் ஒலிபெருக்கி கட்டியதும் முதலிற் கேட்கும் பாட்டுகளில் ஒன்று. வாழ்வின் முடிவைப் பற்றி ஒரு கவிஞன் சொல்லக்கூடியதையெல்லாம் இருபதாண்டுகளுக்கு முன்னரே அவர் சொல்லி முடித்திருந்தார். மெய்யான முடிவு அருகில் வந்து நின்றபோதோ, அவர் எழுதியது தாலாட்டு! விபத்தொன்றில் நினைவு பிறழ்ந்து, வளர்ந்தும் குழந்தையாகிவிட்ட பெண் ஒருத்தியை உறங்கவைப்பதற்காகப் பாடப்படும் பாட்டு. இதுதான் தமது கடைசிப் பாட்டு என்று எழுதும்போது கவிஞருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எதை எழுதியிருப்பாரோ! தத்துவமாய் ஏதேனும் எழுதியிருப்பார். அது இவ்வளவு நன்றாய் அமைந்திராது என்பது எமது துணிபு.

கடைசிப் பாட்டு என்பதனாலேயே ஒரு பாட்டு சிறந்ததாகிவிடும் என்று மாத்திரம் நினைத்துவிடலாகாது. எம். கே. தியாகராஜ பாகவதரை எடுத்துக்கொள்வோம். அவருடைய 'ஹரிதாஸ்' 1944இல் வெளிவந்து சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு, சிறைவாசம், 1947இல் விடுதலை. அதன்பின் அவர் நடித்த படங்கள் எவையும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் முதலாந் திகதி தமது 49ஆம் வயதில் அவர் மறைந்தார். கடைசிப் படமாகிய 'சிவகாமி' மறுவருடமே வெளிவந்தது. அதிலுள்ள பாட்டுகளில் ஒன்றையேனும் இன்று நினைவிலிருந்து பாடக்கூடியவர் எத்தனை பேர்? பாகவதர் என்றதும் வாய் தானாக முணுமுணுப்பது 'ஹரிதாஸ்' பாட்டுகளையே. காலக் கணக்கில் ஒன்று கடைசி. மக்கள் கணக்கில் மற்றொன்று கடைசி.

வட இந்தியப் பாடகர் கே. எல். சைகாலுக்கும் அவ்வாறே நேர்ந்தது. 1947 ஜனவரி 18ஆம் திகதி அவர் மறைந்தார். 'பர்வானா' என்னும் அவருடைய கடைசிப் படம் அவர் மறைவுக்குப் பின்னரே திரைக்கு வந்தது. ஆனால் மக்கள் அவருடைய விடைபெறும் பாட்டாகக் கொண்டது 1946இல் வெளிவந்த 'ஷாஜகான்' படத்திலே நௌஷாத் இசையில் அவர் பாடிய மனமுடைந்த பாட்டையே. இந்தச் சைகாலுக்கு எமது இலங்கை செய்த மரியாதை ஒன்றுண்டு. இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பில், பழைய படப்பாடல் நிகழ்ச்சி நாள்தோறும் காலை 8 மணிக்குச் சற்று முன்னர் சைகாலின் ஒரு பாட்டோடுதான் முடிவுறும். ஒரு நாளன்று, இரு நாளன்று. பல்லாண்டு காலம் இந்த நியமம் வழுவாது நடந்தது. அந்தப் பாட்டைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொண்டோர் இந்தியா முழுவதும் இருந்தனர். இறந்துபோன ஒருவரைத் தினந்தோறும் கடைசிப் பாட்டுக்கு அழைத்த வானொலி உலகில் வேறெங்கேனும் இருந்ததோ, நாமறியோம்.

கடைசிப் பாட்டென்றால் கண்ணீர் வடிக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. கிஷோர் குமார் 1987 ஒக்டோபர் 13ஆம் திகதி இறந்தார். அதற்கு முந்திய நாள் ஆஷா போஸ்லேயுடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்த பாட்டு வெறும் கேளிக்கைப் பாட்டு. ஆட்டம் பாட்டம் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சிலர் இதைக் குறையாகச் சொல்வர். வாழ்நாளெல்லாம் சிரிக்கவைத்த மனிதர் சிரித்துக்கொண்டே போனார் என்று கொள்வதில் என்ன தவறு?

மேல்நாட்டுக்கு வருவோம். அங்கே 'கடைசி' என்ற பெயரையே தலைப்பிலே தாங்கிய படைப்பு ஒன்று மிகப் பெயர் பெற்றது. ஜெர்மனிய இசைமேதை ரிச்சார்ட் ஸ்ட்ராவுஸ் 1948ஆம் ஆண்டு, தமது 84ஆம் வயதில் எழுதிய 'நான்கு கடைசிப் பாடல்கள்' என்பது அது. 1949 செப்டெம்பரில் அவர் காலமானார். 1950 மே மாதம் இலண்டன் மாநகரில் அவை முதன்முதலாகப் பாடப்பெற்றன. அந்தியொளியில் முதிய தம்பதியர் இருவர் கைகோத்து நிற்கும் காட்சியொன்றை நான்கிலொன்று இசையாக்குகின்றது. மொழி தெரியாதவரையும் உருக்கவல்லது. ஆனால் 'கடைசி' என்ற அந்தத் தலைப்பை இட்டவர் ஸ்ட்ராவுஸ் அல்லர். அவர் இறந்தபின் நூலாக்கிய பதிப்பாளர்! அது போகட்டும். அந்த நான்குக்கும் பின்னர், அதே ஆண்டு நவம்பரிலே அவர் இன்னுமொரு சிறு பாட்டு எழுதி, பாடகி மரியா யெரிற்சாவிடம் கொடுத்திருந்தார். அந்த அம்மையார் அதைத் தம்மிடமே பத்திரமாய் வைத்திருந்துவிட்டார். 1982இல் அவர் இறந்த பின்னரே உலகம் அதை அறிந்தது. ஆக, முப்பது வருடங்களுக்கு மேலாக உலகம் 'கடைசி' என்று சொல்லி உருகியவை கடைசியே அல்ல.

ஆங்கிலேய இளைஞர்களின் பீற்றில்ஸ் குழுவின் கதை இன்னும் வேடிக்கையானது. அவர்கள் கடைசியாகக் கூடிப் பதிவுசெய்த 'அபே ரோட்' என்னும் இசைத்தட்டு 1969இலேயே வெளிவந்துவிட்டது. முன்னர் பதிவுசெய்த மற்றொன்று 1970இல் அதற்குப் பின் வந்தது. அந்த 'அபே ரோட்' தட்டில் 'முடிவு' என்றே பெயரிட்டு ஒரு பாட்டை இறுதியில் வைத்தனர். அது முடிந்து, சில விநாடி மௌனத்தின் பின், அரை நிமிடமும் நிறையாத ஒரு சில்லறைப் பாட்டு திடீரெனக் கேட்கும். வேண்டாமென்று கழித்த அந்தத் துண்டை, எதையும் எறியலாகாது என்ற நிலைய விதிப்படி ஊழியர் ஒருவர் நாடாவின் நுனியில் ஒட்டிவைத்தார். குழுவினருக்கு அதுவும் பிடித்துவிட்டது. அழகாய் முடிப்போம் என்று மனிதர் திட்டமிட்டாலும் வாலொன்று நீண்டுவிடுகின்றது.

மரணத்தை முன்னறிந்தே பாடியவர்களும் உளர். சான்சிபாரில் பார்சிக் குடும்பத்திற் பிறந்து, இந்தியாவின் பஞ்சகனியிலே பள்ளிப்படிப்புப் படித்து, பின்னர் இங்கிலாந்தில் குவீன் குழுவின் பாடகராய்ப் புகழ் பெற்ற பிரெடி மெர்க்குரி ஒருவர். கொடிய நோய் உடலை உருக்கிக்கொண்டிருந்த வேளையில், ஆட்டம் தொடர்ந்து நடந்தேயாக வேண்டும் என்னும் பொருள்படும் பாட்டை அவர் பாடினார். 1991 பெப்ரவரியில் வெளிவந்த இசைத்தொகுப்பின் இறுதிப் பாட்டு அதுவே; அவ்வாண்டு நவம்பர் 24ஆம் திகதி அவர் இறந்தார். மற்றவர் டேவிட் பூவி. தமக்குப் புற்றுநோய் என்பதை உலகுக்குச் சொல்லாமலே 'பிளாக்ஸ்டார்' என்னும் தொகுப்பை உருவாக்கி, 2016 ஜனவரி 8ஆம் திகதி, தமது 69ஆம் பிறந்த நாளன்று வெளியிட்டார். இரண்டு நாளில் மறைந்தார். தம்மால் எல்லாவற்றையும் கொடுத்துவிட இயலாது என்று சொல்வதாய் அமைந்தது அதன் கடைசிப் பாட்டு. முதல் இரண்டு நாள் அதைப் புதிய பாட்டென்று கேட்டவர்கள், மூன்றாம் நாள் அதே பாட்டை வேறு செவியோடு கேட்டனர்.

பாடாமல் விட்டதே முத்தாய்ப்பாய் அமைந்ததும் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார், கணவர் சதாசிவம் 1997இல் மறைந்தபின் மேடையேறவில்லை. 2004 டிசெம்பரில் தாம் மறையும்வரை அந்த மௌனத்தைக் காத்தார்.

எமது நாட்டின் மிகப் பெரிய இறுதிக் கச்சேரியோ பாட்டாக அமையவில்லை, நூலாக அமைந்தது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன தமிழரின் யாழை மீட்டெடுப்பதற்குப் பல்லாண்டு உழைத்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒரு கையிலும் கணிதத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவர் செய்த ஆராய்ச்சியை, சங்கீதம் மாத்திரம் கற்றவர் செய்திருக்க இயலாது; தமிழ் மாத்திரம் கற்றவரும் செய்திருக்க இயலாது. பின்னாளிலே பேராதனைக்கு வந்து சேர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இயங்கிய காலத்தில், 1943 முதல் அதன் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றினார். உடல் நலிந்திருந்தது, வேலை நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டு ஜூன் 5ஆம், 6ஆம் திகதிகளில் தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவிலே 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் கணித்த முறைப்படி செய்யப்பெற்ற யாழ்க்கருவிகள் அங்கே இசைக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக மௌனித்திருந்த நரம்பு பேசியதைத் தம் செவியாலேயே கேட்டார். ஆறு வாரங்கள், ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் அவர் சமாதியடைந்தார். தீக்ஷிதரைப்போல் இவரும் கடைசியாகக் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டே சென்றார்.

இப்பொழுது நாம் சொல்லவந்த விடயத்தின் கடினமான பகுதிக்கு வருகின்றோம்.

எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 செப்டெம்பர் 25ஆம் திகதி காலமானார். மறுவருடம் தீபாவளிக்கு வந்த 'அண்ணாத்த' படத்தில் அவர் முன்னரே பாடியிருந்த பாட்டைக் கேட்டு இரசிகர்கள் கலங்கினர். பாட்டு சாதாரணமானதுதான், குரல் சாதாரணமானதன்று. அதுவரையும் சிக்கலில்லை. இறந்தவர் உயிருடன் இருந்தபோது பாடியதை இறந்தபின் கேட்டோம். கிராமபோன் வந்த நாள்முதல் நடப்பதே இது. ஆனால் 2024ஆம் ஆண்டில் வேறொன்று நிகழ்ந்தது. இளையராஜாவின் புதல்வி பவதாரிணி அவ்வாண்டு ஜனவரி 25ஆம் திகதி எமது கொழும்பு மாநகரிலேயே நோய்வாய்ப்பட்டு மறைந்தார். 'பாரதி' படத்தில் பாடிய பாட்டுக்காகத் தேசிய விருது பெற்ற அந்த மென்மையான குரலை யாரும் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். சில மாதங்களில் வெளிவந்த விஜய் படமொன்றில் அதே குரல் புதிய பாட்டொன்றைப் பாடிற்று. அது அவர் பாடியதன்று. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி வித்தையினால், அவருடைய உடன்பிறந்தார் யுவன் சங்கர் ராஜாவின் இசையிலே உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏ. ஆர். ரகுமானும் 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்களாகிய பம்பா பாக்கியா, சாகுல் ஹமீத் இருவரின் குரல்களையும் இவ்வாறு வரவழைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். அது நேர்மையான செய்கையே. தமக்கையின் குரலை மீண்டும் கேட்க விரும்பிய தம்பியின் மனத்தையும் நாம் அறிவோம்; அதில் குற்றம் காணோம்.

ஆயினும், இனிமேல் எந்தப் பாடகருக்கும் கடைசிப் பாட்டு என்று ஒன்று இருக்குமா என்ற கேள்வி எம்மை விடவில்லை. மங்களமே பாடப்படாத கச்சேரி எவ்வளவு நேரம் இனிக்கும்?

இது சினிமாக்காரர் கவலை, எமக்கென்ன என்று இருந்துவிடவும் இயலாதபடி, சென்ற வருடம் எமது வகுப்பறைக்குள்ளேயே இக்கேள்வி வந்துவிட்டது. எம்மிடம் பயிலும் மாணவர்களுக்கு நாட்டார் பாடல் சேகரிக்கும் வேலை கொடுப்பது எமது வழக்கம். மலைநாட்டில் இதற்கு வழிகாட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்திலே பிறந்து, தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார். மறுவருடம் அவர் மறைந்தார். அவருக்குக் கிடைத்த பாட்டுகளை எழுத்தில் மாத்திரமே நாம் காண்கின்றோம். பாடியவர் குரல்கள் போய்விட்டன. இன்று ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. ஆகையால் பாட்டியரைத் தேடிப் போகச் சொல்கின்றோம்.

தெல்தோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவன் தன் அப்பாயியிடம் பதிவுசெய்து வந்தான். கொழுந்து பறிக்கப் போகும் தாய், பிள்ளைக்காம்பராவில் விடப்போகும் குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. மொத்தம் ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும். மூன்றாம் அடி தொடங்கியதும் கிழவியார் நிறுத்திவிடுகின்றார். "போதும் ராசா, உலையில தண்ணி கொதிக்குது" என்று சொல்வது தெளிவாய்க் கேட்கும். பிறகு எழுந்து போகும் காலடி ஓசை. மிச்சத்தை அடுத்த வாரம் பாடுவதாய்ப் பேச்சு. அடுத்த வாரம் அவர் இல்லை.

அந்தியேட்டி முடிந்து வகுப்புக்கு வந்த மாணவன் எம்மிடம் கேட்டான்: "சேர், மிச்சப் பாட்ட மெசின வச்சு அப்பாயி குரல்ல பாட வைக்க ஏலுமா? அம்மாவுக்குக் கேக்கோணும் போல இருக்கு." இயலுமா என்றால் இயலும், கணினிப் பிரிவு மாணவன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதிலே செய்து தருவதாகவும் சொன்னான். வகுப்பு இரண்டுபட்டது. கேட்க ஆசைப்படும் தாயின் மனத்தை ஏன் வருத்த வேண்டும் என்றனர் ஒரு பகுதியினர். பாடாத பாட்டைப் பாடியதாகச் சேகரிப்பில் எப்படிச் சேர்ப்பது என்றனர் மறு பகுதியினர். இரண்டிலும் நியாயம் இருந்தது.

எமது கருத்தையும் கேட்டனர், சொன்னோம். பவதாரிணி போன்ற கலைஞர்களின் குரலுக்கு உரியவர்கள் குடும்பத்தார் என்று ஒருவாறு ஒப்பலாம். அந்த அம்மையார் பாடமாட்டேன் என்று சொல்லிப் போனவர் அல்லர். இந்த அப்பாயியோ தம் வாயாலேயே "போதும்" என்று சொல்லி எழுந்து போயிருக்கின்றார். அதுவும் அந்தப் பதிவிலே இருக்கின்றது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் அவரைப் பாடவைப்பது எப்படி? அதை நீக்கிவிட்டுப் பாடவைப்பது அதனினும் தகாது. வீட்டில் தாயார் தனியே கேட்பதற்கு வேண்டுமானால் செய்துகொள்ளட்டும், அது அவர்கள் குடும்பத்து விடயம். எமது சேகரிப்பில் அது ஏறாது என்றோம். மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் வந்தான்.

வந்தவன் மெசின் பாட்டைக் கொண்டுவரவில்லை. அதே தோட்டத்தில், இரண்டு லயம் தள்ளியிருக்கும் வேறொரு கிழவியைத் தேடிப்பிடித்திருந்தான். அந்த அம்மையாருக்கு அதே தாலாட்டில் மேலும் மூன்று அடிகள் தெரிந்திருந்தன. ஆனால் மெட்டு வேறு. குழந்தையின் மாமன் சீர் கொண்டுவரும் பகுதியும் வேறு. தங்கள் அப்பாயி பாடியதுதான் சரியான மெட்டு என்று மாணவனின் தாயார் இப்பொழுது அந்த அம்மையாரோடு வாதாடிக்கொண்டிருக்கின்றாராம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றோம். முதலாவதில் உலை கொதிக்கும் செய்தி வரை அப்படியே இருக்கின்றது.

அடுத்த மாதம் புசல்லாவையிலிருந்து வரும் மாணவியர் இருவர், எண்பது வயது கடந்த தம் பாட்டியாரிடம் ஒப்பாரியும் தெம்மாங்கும் பதிவுசெய்யப் போகின்றனர். தொலைபேசியின் பட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, உலை வைக்கும் நேரம் பார்த்துப் போகாமல், பிற்பகலிற் போகும்படி சொல்லியிருக்கின்றோம்.